காவிரிக் கரையில் வட்டமும் விகிதமும்

வட்டத்தின் ஒரு வில் மையத்தில் தாங்கும் கோணம், அதே வில் பரிதியில் தாங்கும் கோணத்தைப் போல் இரு மடங்கு. முக்கோணத்தின் ஒரு பக்கத்துக்கு இணையாக இழுத்த கோடு மற்ற இரண்டு பக்கங்களையும் ஒரே விகிதத்தில் வெட்டும். பள்ளி வடிவியலின் பெரும்பகுதி இந்த இரண்டு உண்மைகளிலிருந்து கிளைத்ததுதான். யூக்ளிட் முதலாவதை மூன்றாம் புத்தகத்தின் 20ஆம் தேற்றமாகவும், இரண்டாவதை ஆறாம் புத்தகத்தின் 2ஆம் தேற்றமாகவும் வைத்தார். திருச்சிராப்பள்ளியிலும் ஸ்ரீரங்கத்திலும் இன்று இவை பள்ளித் தேர்வுக்கான பாடங்கள். ஆனால் தேர்வு வருவதற்கு நெடுங்காலம் முன்பே இந்த மண்ணில் இவை வேலைக்கு வந்துவிட்டன. கோயில் மனை வகுக்கவும், கோபுரத்தின் நிலைகளை அளவோடு சிறுக்கச் செய்யவும், நிலம் அளக்கவும், தண்டவாளத்தை வளைத்துப் போடவும் இவையே பயன்பட்டன.

கோயில் கட்டுவதற்கு முதல் வேலை திசை காண்பது. மயமதம் போன்ற சிற்ப நூல்கள் இதற்குச் சொல்லும் கருவி ஒரு சங்கு, அதாவது செங்குத்தாக நட்ட முளை. தரையைத் தண்ணீர் விட்டுச் சமன் செய்து, முளையை மையமாக வைத்துக் கயிற்றால் ஒரு வட்டம் போடுவார்கள். காலையில் முளையின் நிழல் நீண்டு வட்டத்துக்கு வெளியே கிடக்கும்; வெயில் ஏற ஏறச் சுருங்கி வட்டத்தைத் தொட்டு உள்ளே வரும். தொட்ட இடத்தில் ஒரு புள்ளி. பிற்பகலில் நிழல் மறுபடி நீண்டு வட்டத்தைத் தாண்டும் இடத்தில் இன்னொரு புள்ளி. இரண்டையும் சேர்க்கும் நாண் கிழக்கு மேற்காக ஓடும். பிறகு இரண்டு புள்ளிகளையும் மையமாகக் கொண்டு கயிற்றால் இரண்டு விற்களை வெட்டவிட்டால் மீன் வடிவம் ஒன்று கிடைக்கும். அந்த மீனின் தலையையும் வாலையும் சேர்க்கும் கோடு வடக்கு தெற்கு. நாணின் மையக் குத்துக்கோடு வட்ட மையத்தின் வழியே செல்லும் என்று இன்று ஒன்பதாம் வகுப்பில் படிப்பதும் இதுவேதான்.

இந்த முறை சரியாக வருவதற்குக் காரணம் எளியது. நிழலின் நீளம் காலையிலும் மாலையிலும் ஒன்றாக இருந்தால் சூரியனின் உயரமும் ஒன்றுதான். உயரம் ஒன்றானால் நண்பகல் கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் சமக் கோணம். ஒரு சிறு பிழை மட்டும் மிஞ்சும். காலைக்கும் மாலைக்கும் இடையிலேயே சூரியன் வடக்கிலோ தெற்கிலோ கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது. இதை அறிந்துதான் மயமதம் நிழலில் கழிக்க வேண்டிய விரல் கணக்கையும் பருவத்துக்கேற்பச் சொல்லி வைத்திருக்கிறது. கருவி ஒரு முளையும் ஒரு கயிறும்தான் என்றாலும், பிழையைக் கண்டு திருத்தும் அளவுக்குக் கவனம் இருந்திருக்கிறது என்பதே இதில் வியக்கத்தக்கது.

திசை கண்ட பிறகு வருவது விகிதம். ஸ்ரீரங்கம் கோயிலின் ஏழு பிராகாரங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக, 156 ஏக்கர் பரப்பில் அமைந்தவை. கோயிலில் 21 கோபுரங்கள். உள்ளே போகப் போகக் கோபுரங்கள் சிறுக்கும். தெற்கே ராஜகோபுரத்தின் கல்லாலான அடித்தளம் நாயக்கர் காலத்திலேயே எழுந்தும், மேல்நிலைகள் இல்லாமல் மொட்டைக் கோபுரமாக நூற்றாண்டுக் கணக்கில் நின்றது. அகோபில மடத்தின் 44ஆவது ஜீயர் முயற்சியால் 13 நிலைகளும் கட்டி முடிந்து, 1987 மார்ச் 25 அன்று குடமுழுக்கு நடந்தது. உயரம் 236 அடி. அடித்தளம் ஏற்கெனவே இருக்க, அதன் மேல் எத்தனை நிலை, ஒவ்வொரு நிலையும் முந்தியதைவிட எவ்வளவு ஒடுங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் வேலை முழுக்க முழுக்க விகித வேலை. அடிப்பகுதியின் அகலத்தை அலகாகப் பிரித்து, அதன் மடங்காகவும் பின்னமாகவும் மேலே உள்ளதையெல்லாம் சொல்வது சிற்ப மரபு. அடி, அங்குலம் பிறகு வரும், விகிதம்தான் முதலில். அதனால்தான் அடித்தளம் எழுந்து பல தலைமுறை கழித்து வந்தவர்களாலும் அந்த மரபுக்குள்ளேயே நின்று மேலே கட்ட முடிந்தது.

கட்டி முடிந்த கோபுரத்தின் உயரத்தைத் தரையிலிருந்தே காண்பதும் வடிவொத்த முக்கோணங்களின் வேலை. 6 அடிக் கோலின் நிழல் 4½ அடியாக இருக்கும் நேரத்தில் 236 அடிக் கோபுரத்தின் நிழல் 177 அடி இருக்கும். புத்தகக் கணக்கு இத்தோடு முடிந்துவிடுகிறது. நேரில் போய் அளப்பவருக்கு ஒரு சிக்கல் காத்திருக்கும். 177 அடியை எங்கிருந்து அளப்பது? கலசத்துக்கு நேர் கீழே உள்ள புள்ளி கோபுரத்தின் வயிற்றுக்குள், வாசல் நடையின் நடுவில் இருக்கிறது. சுவரோரத்திலிருந்து அளந்தால் விடை குறைந்துதான் வரும். நிழல் விழும் திசையில் கோபுரத்தின் பாதிப் பருமனையும் சேர்க்க வேண்டும்.

அடிப்புள்ளியை நெருங்கவே முடியாத இடங்களுக்கும் வழி உண்டு. பொ.ஆ. 499இல் எழுதப்பட்ட ஆர்யபட்டீயத்தின் கணிதப் பகுதி, உயரத்தில் உள்ள விளக்கு ஒன்றின் உயரத்தைச் சம உயரமுள்ள இரண்டு சங்குகளின் நிழலால் காணச் சொல்கிறது. இரண்டு சங்குகளையும் விளக்கோடு ஒரே கோட்டில் நட வேண்டும். நிழல் முனைகளுக்கு இடையே உள்ள தூரத்தைச் சங்கின் உயரத்தால் பெருக்கி, இரண்டு நிழல்களின் வித்தியாசத்தால் வகுத்தால் விளக்கின் உயரம் வந்துவிடும். விளக்கின் அடிவரை நடக்கத் தேவையில்லை. விளக்குக்குப் பதில் திருச்சி மலைக்கோட்டை உச்சியையும், நிழல் முனைக்குப் பதில் தரையோடு வைத்த கண்ணையும் எண்ணிக்கொண்டால், 83 மீட்டர் உயரப் பாறையை ஆற்று மணலில் நின்றபடியே அளக்கலாம்.

அந்தப் பாறையைப் பற்றிச் சொல்லும்போது காலப் பொருத்தம் ஒன்று நினைவுக்கு வருகிறது. அதன் மேல் குகைக் கோயிலை ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்தான். அதே தலைமுறையில், 628இல், வடக்கே பிரம்மகுப்தர் தம் நூலை முடித்தார். வட்ட நாற்கரத்தின் பரப்பை நான்கு பக்கங்களைக் கொண்டே காணும் சூத்திரம் அதில் இருக்கிறது. எதிர்ப்பக்கங்களின் சராசரிகளைப் பெருக்குவது பருமட்டான கணக்கு என்று முதலில் சொல்லிவிட்டு, நுட்பமான கணக்கை அவர் அடுத்துத் தருகிறார். நான்கு பக்கங்களின் நீளம் மட்டும் தெரிந்தால் நாற்கரத்தின் வடிவம் உறுதிப்படாது. அது வட்டத்துக்குள் அடங்கியது என்று தெரிந்தால்தான் பரப்பு ஒன்றே ஒன்றாக நிற்கும். வட்ட நாற்கரம் பாடத்தில் எதிர்க்கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகை என்று மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடாமல், இந்த உறுதிப்பாட்டையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தால் பாடத்துக்கு உயிர் வரும்.

தமிழ்க் கணக்கு மரபின் போக்கு வேறு. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியும் குழிமாற்றும் மனப்பாடமாயின. வேலி, மா, காணி, முந்திரி என்று நிலத்தைப் பின்னத்தின் பின்னமாக உடைத்துக் கணக்கிடுவதில் காவிரிப் படுகையின் கணக்கர்களுக்கு இருந்த தேர்ச்சிக்குச் சோழர் கல்வெட்டுகளே சாட்சி. முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு; அதற்கும் கீழே இறங்கி நில அளவு குறித்த கல்வெட்டுகள் உண்டு. காரி நாயனாரின் கணக்கதிகாரம் வட்டத்தின் பரப்பைக் காண, சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கச் சொல்கிறது. விதி சரியானது. ஏன் சரி என்ற நிரூபணம் நூலில் இல்லை. நூலின் நோக்கமும் அது அல்ல. களத்துமேட்டில் நிற்பவருக்கு விடை வேண்டும், அது பிழையில்லாமல் வேண்டும். கோணத்தைப் பாகை கணக்கில் அளக்கும் பழக்கமும் நிலக் கணக்கில் இல்லை. கோணம் சோதிடர்களிடமும் பஞ்சாங்கம் கணிப்பவர்களிடமும் இருந்தது, நிலம் கணக்குப் பிள்ளையிடம் இருந்தது. இரண்டும் ஒரே கருவியில் சேர்ந்தது கம்பெனி ஆட்சிக் காலத்தில்தான்.

அந்தக் கருவி தியோடலைட். அளவையாளர் வில்லியம் லாம்ப்டன் 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலைக்குப் பக்கத்தில் சுமார் 7½ மைல் நீளமுள்ள அடிக்கோட்டை 100 அடிச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அங்கிருந்து முக்கோணத்தின் மேல் முக்கோணமாகத் தென்னிந்தியா முழுவதையும் அளக்கும் திட்டம் அது. சங்கிலி பிடித்து அளந்த பக்கம் ஒன்று இருந்தால் போதும். பிறகு கோணங்களை மட்டும் பார்த்துக்கொண்டே போகலாம். இதற்கு ஆதாரமான சைன் விதியில்தான் வட்டக் கோணமும் விகிதசமப் பக்கங்களும் ஒன்றாகச் சேருகின்றன. எந்த முக்கோணத்தின் மூன்று முனைகள் வழியாகவும் ஒரு வட்டம் போகும். அப்போது பக்கங்கள் மூன்றும் அந்த வட்டத்தின் நாண்கள். ஒரு முனையிலிருந்து விட்டம் இழுத்தால், அரைவட்டத்தில் அமைந்த கோணம் செங்கோணம் என்பதாலும், ஒரே வில்லின் மேல் நிற்கும் பரிதிக் கோணங்கள் சமம் என்பதாலும், ஒவ்வொரு பக்கமும் விட்டத்தை எதிர்க்கோணத்தின் சைனால் பெருக்கியதற்குச் சமமாகிறது. ஆகவே மூன்று பக்கங்களும் தத்தம் எதிர்க்கோணங்களின் சைன்களுக்கு நேர்விகிதத்தில் இருக்கின்றன. ஆர்யபட்டரின் அரைநாண் அட்டவணை கொடுப்பதும் இந்தச் சைன்களைத்தான்.

மைசூர் மேட்டிலும் கொங்கு நாட்டிலும் குன்றுகள் இருந்தன. ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றைப் பார்த்துக் கோணம் எடுத்தார்கள். திருச்சிக்குக் கிழக்கே காவிரிச் சமவெளியில் இறங்கியதும் குன்றுகள் மறைந்தன. தென்னந்தோப்பும் பனங்கூட்டமும் பார்வையை மறித்தன. அங்கே லாம்ப்டனுக்குக் கிடைத்த உயரமான இடங்கள் கோயில் கோபுரங்கள்தாம். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில், சுமார் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைக் கயிறு கட்டி மேலே இழுக்கும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதியது. 36 அங்குல விட்டமுள்ள அதன் பித்தளை வட்டம் நெளிந்துபோனது. வட்டம் நெளிந்தால் கோணம் பொய்யாகும்; கோணம் பொய்யானால் அதுவரை பின்னிய முக்கோணங்களுக்கு மேல் இன்னொன்றைச் சேர்க்க முடியாது.

லாம்ப்டன் கருவியைச் சீமைக்கு அனுப்பவில்லை. அதைக் கழற்றி, தலைமைக் கைவினைஞர்களை மட்டும் உடன் வைத்துக்கொண்டு தாமே சீர்செய்தார். பெரிய மரப்பலகையில் வேண்டிய அளவுக்குத் திருத்தமாக ஒரு வட்டம் வெட்டி, நெளிந்த பித்தளை விளிம்பை ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு அங்குலம் அங்குலமாக இழுத்து அந்த வட்டத்தோடு பொருத்தினார். ஆறு வாரத்தில் கருவி ஏறக்குறையப் பழைய நிலைக்கு வந்தது. இந்திய நில அளவை வரலாற்றில் இதைவிட நெஞ்சைத் தொடும் நிகழ்ச்சி அரிது. உடனிருந்த கைவினைஞர்களின் பெயர்களும் அந்த வரலாற்றில் இடம்பெற்றிருக்க வேண்டும்.

நெளிவை நிமிர்த்தினாலும் ஒரு பிழை எப்போதும் இருக்கும். கருவி சுழலும் அச்சும், பாகை குறித்த வட்டத்தின் மையமும் மயிரிழை பிசகாமல் ஒன்றி நிற்பது அரிது. இதற்குப் பரிகாரம் மீண்டும் வட்டக் கோணத் தேற்றம்தான். வட்டத்துக்குள் வெட்டிக்கொள்ளும் இரண்டு நாண்களுக்கு இடையிலான கோணம், அவை எதிரெதிரே அடக்கும் இரண்டு விற்களின் அளவுகளைக் கூட்டியதில் பாதி. வெட்டும் புள்ளி மையமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே வட்டத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் நுண்ணோக்கிகளை வைத்து இரண்டு அளவையும் படித்துச் சராசரி எடுத்தால், அச்சு விலகியதால் வந்த பிழை தானாகவே நீங்கிவிடுகிறது. ஒரு பக்கம் கூடிய அளவு மறுபக்கம் குறைந்திருக்கும். தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக வந்துபோகும் இந்தத் தேற்றம், தேசப்படம் வரைந்தவர்களின் கையில் இவ்வளவு பெரிய வேலையைச் செய்திருக்கிறது.

அளவை முடிந்து நிலையங்கள் படத்தில் குறிக்கப்பட்ட பிறகு, இன்னொரு கேள்வி பிறந்தது. படத்தில் இல்லாத ஓர் இடத்தில் நிற்பவர் தாம் நிற்கும் இடத்தை எப்படிக் குறிப்பார்? காவிரி மணலில் ஒருவர் நிற்கிறார் என்று கொள்வோம். தெற்கே மலைக்கோட்டை உச்சி, வடக்கே ஸ்ரீரங்கம் ராஜகோபுரம், திருவானைக்காவல் கோபுரம் ஆகிய மூன்றும் தெரிகின்றன. மலைக்கோட்டைக்கும் ராஜகோபுரத்துக்கும் இடைப்பட்ட கோணத்தை அளந்தால், அவர் நிற்கும் புள்ளி அந்த இரண்டும் கிடக்கும் ஒரு குறிப்பிட்ட வட்டத்தின் மேல்தான் இருக்க முடியும்; ஒரே வட்டத்துண்டில் அமைந்த கோணங்கள் எல்லாம் சமம் என்பதே காரணம். ராஜகோபுரத்துக்கும் திருவானைக்காவலுக்கும் இடைப்பட்ட கோணம் இரண்டாவது வட்டத்தைத் தரும். இரண்டு வட்டங்களும் ராஜகோபுரத்தில் ஒருமுறை வெட்டும். மற்ற வெட்டுப்புள்ளி அளப்பவர் நிற்கும் இடம். சங்கிலி வேண்டாம், ஓர் அடிகூட நடக்க வேண்டாம்.

ஒரே ஒரு நிலையில் மட்டும் இந்த முறை கைவிட்டுவிடும். அளப்பவர் நிற்கும் இடமும் மூன்று உச்சிகளும் ஒரே வட்டத்தில் இருந்தால் இரண்டு வட்டங்களும் ஒன்றாகவே ஆகிவிடும். வெட்டுப்புள்ளி என்று தனியாக ஒன்று கிடைக்காது. அந்த வட்டத்தின் மேல் சற்று நகர்ந்து நின்றாலும் அதே கோணங்கள்தாம் வரும். அளவைக்காரர்கள் அதை ஆபத்து வட்டம் என்று ஒதுக்குவார்கள். மலைக்கோட்டை தென்கரையிலும் மற்ற இரண்டும் ஸ்ரீரங்கம் தீவிலும் இருப்பதால், மூன்றின் வழியாகவும் செல்லும் வட்டம் காவிரியை இரண்டு இடங்களில் கடந்தே ஆக வேண்டும். அந்த இரண்டு இடங்களில் நின்று அளந்தால் பயனில்லை. நாற்கரத்தின் எதிர்க்கோணங்கள் 180 பாகைக்குக் கூடினால் அது வட்ட நாற்கரம் என்ற மறுதலைத் தேற்றம் இங்கே எச்சரிக்கைப் பலகையாக நிற்கிறது.

வருவாய்த் துறையின் நில அளவைக்கு இவ்வளவு நுட்பம் தேவைப்படவில்லை. சர்வேயர்கள் சங்கிலியும் குறுக்குக் கோலும் கொண்டு வயலை முக்கோணங்களாகப் பிரித்தார்கள். மூன்று பக்கமும் தெரிந்த முக்கோணம் அசையாது. வளைந்த வரப்புக்கு மட்டும் செங்குத்துக் கோடுகள் இழுத்துத் தூரம் குறித்தார்கள். 66 அடிச் சங்கிலியில் 100 கண்ணி. 1000 சதுரக் கண்ணி ஒரு சென்ட், 100 சென்ட் ஒரு ஏக்கர். இன்று தாலுகா அலுவலகத்தில் வாங்கும் எஃப்.எம்.பி. என்னும் புல அளவை வரைபடம் அந்த முறையின் பிள்ளைதான். அதன் அளவுத்திட்டத்தைப் படிக்கும்போது பலரும் தவறும் இடம் ஒன்று உண்டு. 1:1000 படத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் என்பது நிலத்தில் 100 சதுர மீட்டர். 1:2000 படத்தில் அது 200 அல்ல, 400 சதுர மீட்டர். வடிவொத்த உருவங்களில் பக்கங்களின் விகிதம் எதுவோ அதன் வர்க்கமே பரப்புகளின் விகிதம் என்பது சொத்துத் தகராறில் பணமாகவே வெளிப்படும்.

நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட இருப்புப்பாதை 1861இல் தஞ்சாவூரையும் 1862இல் திருச்சிராப்பள்ளியையும் எட்டியது. வண்டி நேராக ஓடும் வரை வடிவியலுக்கு வேலை குறைவு. பாதை திரும்பும் இடத்தில் வட்ட வில் வேண்டும். அதன் மையமோ யாருடைய வயலுக்கு நடுவிலோ, ஆற்றுக்கு அப்பாலோ கிடக்கும். கயிறு பிடித்து வளைக்க வழியில்லை. 1840களில் பொறியாளர் ராங்கின் வகுத்த முறை மையத்தைத் தொடவே இல்லை. தொடுகோட்டுக்கும் நாணுக்கும் இடைப்பட்ட கோணம், அந்த நாண் மையத்தில் தாங்கும் கோணத்தில் பாதி என்ற தேற்றத்தை எடுத்துக்கொண்டு, வளைவு தொடங்கும் இடத்தில் தியோடலைட்டை நிறுத்தி, ஒவ்வொரு 100 அடி நாணுக்கும் சமக் கோணத்தைக் கூட்டிக்கொண்டே போவது அந்த முறை. 100 அடி நாண் மையத்தில் 1 பாகை தாங்கினால் அது ஒரு பாகை வளைவு. ஆரம் ஏறக்குறைய 5730 அடி. கருவியில் ஒவ்வொரு முளைக்கும் அரைப் பாகை திருப்பினால் போதும்.

போட்ட வளைவு பேருந்துச் சாலை போல் அப்படியே கிடப்பதில்லை. வண்டியின் பாரத்தில் தண்டவாளம் நாளடைவில் நகரும். அதைச் சோதிக்கப் பாதைப் பராமரிப்பாளர்கள் 20 மீட்டர் நூலைத் தண்டவாளத்தின் உள்விளிம்பில் இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்து, நடுவில் நூலுக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள இடைவெளியை மில்லிமீட்டரில் அளக்கிறார்கள். ஆரம் 1000 மீட்டர் என்றால் இடைவெளி 50 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இந்த எண்ணுக்கு மூலம் ஆர்யபட்டீயத்தின் விதி: அரைநாணின் வர்க்கம், நாண் வெட்டும் விட்டத்தின் இரண்டு துண்டுகளின் பெருக்கற்பலனுக்குச் சமம். அரைநாண் 10 மீட்டர், வர்க்கம் 100, விட்டத்தின் பெரிய துண்டு ஏறக்குறைய 2000 மீட்டர், ஆகவே சிறிய துண்டு 0.05 மீட்டர். நிரூபணமோ இரண்டே வரி. அரைவட்டத்தில் அமைந்த செங்கோணத்திலிருந்து விட்டத்துக்குக் குத்துக்கோடு இறக்கினால் வடிவொத்த இரண்டு முக்கோணங்கள் கிடைக்கும். அவற்றின் பக்க விகிதமே விதி. 1500 ஆண்டுகளுக்கு முந்தைய விதி, திருச்சிக் கோட்டத்துத் தண்டவாளங்களில் இன்றும் நூல் பிடித்துச் சரிபார்க்கப்படுகிறது.

1928இல் நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே பணிமனை திருச்சியின் பொன்மலைக்கு வந்தபோது உலோக வேலையின் வடிவியலும் கூடவே வந்தது. வட்டத் தகட்டுக்கு மையம் காண எளிய வழி மூலைமட்டம். அதன் செங்கோண முனையை விளிம்பில் வைத்தால், இரண்டு கைகளும் விளிம்பை வெட்டும் புள்ளிகள் ஒரு விட்டத்தின் முனைகள். வேறோர் இடத்தில் வைத்து இன்னொரு விட்டம் கண்டால் இரண்டும் வெட்டும் இடம் மையம். யூக்ளிட் மூன்றாம் புத்தகத்தின் 31ஆம் தேற்றம் பட்டறையில் அரை நிமிட வேலை.

நிரூபணத்தோடு கூடிய வடிவியல் இந்த ஊருக்குக் கல்லூரிகள் வழியே வந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியபின் மெட்ரிகுலேஷன் தேர்வுக்கு யூக்ளிட் படிப்பது கட்டாயமானது. 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய புனித வளனார் கல்லூரி 1883இல் திருச்சிக்கு இடம்பெயர்ந்தது. 1886இல் உருவான தேசிய உயர்நிலைப் பள்ளியிலிருந்து 1919இல் தேசியக் கல்லூரி வளர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹாலும் ஸ்டீவன்ஸும் எழுதிய பள்ளி வடிவியல் நூல் மாகாணமெங்கும் பரவியது. ஒவ்வொரு தேற்றத்துக்குப் பின்னும் வரிசையாக வந்த பயிற்சிக் கணக்குகள்தாம் அந்த நூலின் பலம். தேற்றத்தை ஒப்பிப்பது ஒரு திறமை, அறியாத கணக்கில் எந்த வட்டம் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது வேறொரு திறமை என்பதை அந்தத் தலைமுறை மாணவர்கள் அந்தப் பயிற்சிகளில்தான் கற்றார்கள்.

கணக்குப் போட்டு அனுப்பும் பழக்கத்துக்கு ஒரு மேடையும் கிடைத்தது. வருவாய்த் துறை அலுவலராக இருந்த வி. ராமஸ்வாமி ஐயர், வடிவியலில் ஆழ்ந்த ஈடுபாடு உள்ளவர், 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கினார். கழகத்தின் இதழில் கணக்குகளும் தீர்வுகளும் இடம்பெற்றன. காவிரிக் கரை ஊரான கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன், வட்டத்தைச் சதுரமாக்கும் தம் வரைமுறையை 1913இல் அந்த இதழில்தான் வெளியிட்டார். கவராயமும் அடிக்கோலும் மட்டும் கொண்ட அந்த வரைமுறையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பவை விட்டத்தின் மேல் அமைந்த செங்கோணமும், இணைகோடுகள் வெட்டும் விகிதசமப் பக்கங்களும்தாம். கிடைக்கும் சதுரத்தின் பரப்பு, பையின் மதிப்பை 355/113 என்று கொண்ட வட்டத்தின் பரப்பு. வட்டம் 1,40,000 சதுர மைல் பரப்புள்ளதானாலும் சதுரத்தின் பக்கத்தில் பிழை ஏறக்குறைய ஓர் அங்குலம்தான் என்று அவரே குறித்திருக்கிறார். பத்தாம் வகுப்புக் கருவிகளால் இவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

பாரிசில் எலி கார்த்தானிடம் வடிவியல் பயின்ற யேசு சபைத் துறவி சார்ல்ஸ் ரசீன் 1937இல் புனித வளனார் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். இரண்டு ஆண்டுகளில் சென்னை லயோலா கல்லூரிக்கு மாறி, பின்னாளில் உலகப் புகழ் பெற்ற கணித அறிஞர்கள் பலருக்கு வழிகாட்டினார். திருச்சிக்கு அவர் கிடைத்தது கொஞ்ச காலம்தான்.

பிற்காலத்தில் பள்ளிக் கல்வி தமிழில் நிலைபெற்றபோது வட்டமும் விகிதமும் தமிழ் பேசின. இன்றைய பத்தாம் வகுப்புப் பாடநூலில் தேல்ஸ் தேற்றம், கோண இருசமவெட்டித் தேற்றம், மாற்று வட்டத்துண்டுத் தேற்றம் எல்லாம் ஒரே இயலில் வருகின்றன. அரசுப் பொதுத்தேர்வில் 8 மதிப்பெண்ணுக்கு ஒரு வரைதல் கேள்வி உண்டு. அவற்றுள் ஒரு வகை இந்த வரலாறு முழுவதையும் தனக்குள் வைத்திருக்கிறது. அடிப்பக்கம் 10 செ.மீ., உச்சிக் கோணம் 70 பாகை, உச்சிக் கோணத்தின் இருசமவெட்டி அடிப்பக்கத்தை ஒரு முனையிலிருந்து 6 செ.மீ. தூரத்தில் வெட்டுகிறது, முக்கோணம் வரைக.

அடிப்பக்கத்தின் ஒரு முனையில், கீழ்ப்புறமாக 70 பாகையில் ஒரு கோடு இழுக்க வேண்டும். வரப்போகும் வட்டத்துக்கு அது தொடுகோடு. அதற்கு அந்த முனையில் எழுப்பிய செங்குத்தும் அடிப்பக்கத்தின் மையக் குத்துக்கோடும் வெட்டும் இடம் வட்ட மையம். வட்டம் வரைந்தால் உச்சி அதன் மேல்வில்லில் எங்கோ இருக்கிறது. மையக் குத்துக்கோடு கீழ்வில்லை வெட்டும் புள்ளி அந்த வில்லின் நடுப்புள்ளி. அதையும் 6 செ.மீ. புள்ளியையும் சேர்த்து நீட்டினால் கோடு உச்சியில் போய் முட்டும். சம விற்கள் பரிதியில் சமக் கோணம் தாங்கும் என்பதே காரணம். பக்கங்கள் 6:4, அதாவது 3:2 விகிதத்தில் இருக்க வேண்டும். அளந்தால் சுமார் 10.1 செ.மீ., 6.7 செ.மீ. வரும். விடை சரியா என்று மாணவரே சோதித்துக்கொள்ளலாம்.

ராங்கினின் தொடுகோட்டுக் கோணம், மூன்று உச்சிகளைப் பார்த்து நிற்கும் அளவைக்காரரின் வட்டத்துண்டு, சங்கு முறையின் மையக் குத்துக்கோடு, சிற்பியின் விகிதம் எல்லாம் இந்த ஒரு கேள்வியில் இருக்கின்றன. வகுப்பில் பெரும்பாலும் இது எட்டுப் படிகளாக மனப்பாடம் செய்யப்படுவது வருத்தத்துக்குரியது. மலைக்கோட்டையும் கோபுரங்களும் கண்ணெதிரே நிற்கும் ஊரின் கணித ஆசிரியர்கள், ஆண்டுக்கு ஒரு பிற்பகலாவது மாணவர்களை ஒரு கோலோடும் நாடாவோடும் வெளியே அழைத்துப் போகவேண்டும். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் மட்டும் நண்பகலைத் தவிர்த்துவிடலாம். திருச்சியில் அப்போது சூரியன் நேர் உச்சிக்கு வருவதால் கோலுக்கு நிழல் விழாது.